மரக்காலுக்கு அடியில பதினோரு துண்டு மெழுகுவத்தி

இன்பராஜுக்குப் பேத்தி பொறந்த நேரத்துல அவுரு தங்கச் சொரங்கத்துல, பூமிக்கு அடியில இருந்தாரு. ஷிப்ட் முடிஞ்சி கேஜுக் கூண்டுல ஏறி மேல வந்தா, ஷாப்டுக் குழி வாசல்லயே பக்கத்து வீட்டு நாகேஷ் நின்னுக்கினு இருந்தான்.

"அண்ணே, உனுக்குப் பேத்தி! மூக்கு அப்பிடியே உன்னுது. பாவம் அந்தக் கொயந்த!"

இன்பராஜு முகம் கழுவல, கை கழுவல. ஒடம்பெல்லாம் கல்லுத்தூளோட ஓடுனாரு. நந்திதுர்க் மேட்டுக்குக் கீழ வரிசையா இருந்த தட்டி வீடுங்கள்ல ஒண்ணு அவுரோடது. மூங்கில் தட்டிதான் செவுரு. ஜன்னல் கெடையாது. குனிஞ்சிதான் உள்ள போவணும். குனியறதுக்குள்ள சம்சாரம் ரத்தினம்மா வழிய மறிச்சிட்டா.

"அப்பிடியே நில்லுய்யா. குளிச்சிட்டு வந்து தொடு."

குளிச்சிட்டு வந்து தொட்டாரு. அவரப்பிஞ்சு மாதிரி அஞ்சி வெரலு. அந்த வெரலு இவுரு கட்டவெரல புடிச்சிக்கிச்சி பாருங்க, அவ்ளோதான். எத்தினியோ வருசமா பாறையில உளி அடிச்ச கையி, அந்த ஒரு துணிமூட்டய ராத்திரி வரைக்கும் கீழ எறக்கல. மறுநா லைன் வீடுங்க பூரா போயி, கேட்டவங்ககிட்டயும் சொன்னாரு, கேக்காதவங்ககிட்டயும் சொன்னாரு.

அந்த சந்தோஷம் நாலு நாளு நின்னுது. அஞ்சாம் நாளு சம்பந்தி வந்தாரு.

சம்பந்தி பேரு ஹரோல்ட். இன்பராஜோட மக பாப்பம்மாவ அவுரு பையனுக்குத்தான் குடுத்திருந்தாங்க. ஹரோல்டு உரிகாம் பக்கம் ஒரு தொர பங்களாவுல பட்லரு. தாத்தா காலத்துலயே கிறிஸ்து வேதத்துல சேந்த குடும்பம். கோட்டு போடுவாரு. தமிழு, இங்கிலீசு ரெண்டும் தடதடன்னு வாசிப்பாரு. இன்பராஜு அப்பிடி இல்ல. குடியாத்தம் பக்கத்துலருந்து மைன் வேலைக்கு வந்த பொறவுதான் வேதத்துல சேந்தாரு. எழுத்து கத்துக்கினதே நாப்பது வயசுக்கு மேல, சபைய நடத்துன உபதேசியார்கிட்ட. ஒவ்வொரு எழுத்தா கூட்டிக் கூட்டி அவுரு ஒரு வரி முடிக்கிறதுக்குள்ள, அடுப்புல கேவுருக்களி வெந்து எறக்கி வெச்சிடலாம்.

ஹரோல்டு கொழந்தயப் பாத்தாரு. "வின்னின்னு பேரு வெச்சிடலாம். எங்க தொரசாணி தங்கச்சி பேரு. ஷோக்கா இருக்கும்"னாரு.

"தாயம்மான்னு வெக்கலாம்னு நெனச்சேன் சம்பந்தி. எங்க அம்மா பேரு."

"தாயம்மாவா? அது இன்னா சம்பந்தி, பட்டிக்காட்டுப் பேரா கீது."

அந்தப் பெரிய பஞ்சத்துல, கொட்டாங்கச்சியில கெடைச்ச கூழ, புதுசா கல்யாணமான மகனுக்கே ஊத்திட்டு, "எனுக்குப் பசி இல்லடா"ன்னு சொல்லிச் சொல்லியே செத்துப்போனவ தாயம்மா. அத கோட்டு போட்டவருக்கு எப்பிடி சொல்றது?

அந்த சபையில ஒரு வழக்கம் இருந்துச்சி. ஞானஸ்நானத்துக்கு முந்துன சனிக்கிழமை சாயங்காலம், கொழந்த இருக்குற வீட்டுல ஜெபம். வீட்டுப் பெரியவங்கள்ல ஒருத்தரு, உபதேசியார் குறிச்சிக் குடுத்த வேதப் பகுதிய வாசிச்சி, தன் வீட்டுல நடந்ததுலருந்து ஒரு படிப்பினை சொல்லணும். "ஊரான் கதை வேணாம். உங்க அடுப்பங்கரையிலருந்து சொல்லுங்க"ம்பாரு உபதேசியார். யாரு வாசிச்சி முடிக்கிறாங்களோ, அவுங்கதான் கொழந்த பேர சொல்லணும்.

"நான் வாசிக்கிறேன்"னு சொல்லிட்டாரு இன்பராஜு.

ஹரோல்டு சிரிச்சாரு. "முயற்சி பண்ணுங்க சம்பந்தி. நடுவுல நின்னுபோனா நான் கீறேன், முடிச்சிடறேன்."

அந்தச் சிரிப்பு இன்பராஜு நெஞ்சுல ஆணியாட்டம் ஏறிக்கிச்சி.

உபதேசியார் குறிச்சது பத்தே வரி. வெளக்கக் கொளுத்தி யாரும் மரக்காலுக்கு அடியில மூடி வெக்கமாட்டாங்க, வீட்டுல எல்லாருக்கும் தெரியற மாதிரி மேல வெப்பாங்கன்னு சொல்ற பகுதி. வேலைக்குப் போயி வந்து பொழுது சாயற நேரம்தான் இவுருக்குப் புஸ்தகம் தொட முடியும். ஜன்னல் இல்லாத வீடு, ஒரே ஒரு ஆமணக்கெண்ணெய் வெளக்கு, அதுவும் ரத்தினம்மா அடுப்புகிட்ட. எழுத்தெல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி ஊரும்.

தங்க வயல்ல கரண்டு வெளக்கு வராத காலம் அது. சொரங்கத்துல மெழுகுவத்திதான் கண்ணு. எறங்கறப்ப ஆளுக்கு இத்தினின்னு கம்பெனி குடுக்கும். ஈரக்களிமண்ண உருட்டி, அதுல வத்திய சொருவி, தொப்பியிலயோ பாறையிலயோ அப்பிக்கினு வேலை செய்வாங்க. மிச்ச துண்ட மேல வந்ததும் பொட்டியில போட்டுடணும். இன்பராஜு போடறத நிறுத்திட்டாரு. முண்டாசு மடிப்புல சொருவிக்கினு வந்தாரு. கேட்டுல சோதன போடறவன் தங்கம் கீதான்னு பாப்பானே தவிர மெழுக எங்க பாத்தான்?

வீட்டுல நெல்லு அளக்குற மரக்கால் ஒண்ணு இருந்துச்சி. அதக் கவுத்து, அடியில வத்தித் துண்டுங்கள வெச்சிட்டாரு. ரத்தினம்மா மரக்கால் மேல கை வெச்சா போதும், "தொடாத!"ன்னு கத்துவாரு.

"இன்னாய்யா, உள்ள பாம்பா கீது?"

"வேதம் படிக்கிறவன் சாமான். வுடு."

ராத்திரி ஒரு துண்டக் கொளுத்திப் படிக்கிறப்ப வத்தி ஏதுன்னு அவ கேட்டா, கம்பெனி குடுத்துதுன்னு சொல்லிட்டாரு. கடவுள் வார்த்தயப் படிக்கத்தானேன்னு தனக்குத் தானே ஒரு சமாதானம். அந்த சமாதானம் ஒவ்வொரு ராத்திரியும் கேள்வி கேக்காம வேலை செஞ்சிது.

வாசிப்பு ஒரு மாதிரி நவுந்துச்சி. படிப்பினைதான் கெடைக்கல.

ஒருநா கொழந்த பாலுக்கு வீறிட்டு அழுதுச்சி. இன்பராஜு துள்ளி எந்திரிச்சாரு. "பாத்தியா ரத்தினம், நம்பளும் இப்பிடித்தான் ஆண்டவர்கிட்ட வுடாம கேக்கணும்!"

"வுடாம கேட்டுக்கினுதான் கீறேன் நானு, ஒரு கொடம் தண்ணி கொண்டாந்து ஊத்துய்யான்னு. நீதான் காது குடுக்கல."

இன்னொரு நா கொழந்த இவுரு வெரலப் புடிச்சிது. "நம்ப புடி வுடக்கூடாதுன்னு சொல்லுது"ன்னு ஆரம்பிச்சாரு. வாய மூடறதுக்குள்ள கொழந்த வெரல வுட்டுட்டு, மடியில இருந்த புஸ்தகத்து மேலயே ஒண்ணுக்குப் போயிடுச்சி.

"இதுல இன்னா படிப்பினை நைனா?"ன்னு பாப்பம்மா வயித்தப் புடிச்சிக்கினு சிரிச்சா.

"புஸ்தகத்த வெய்யில்ல காய வெக்கணும்ன்ற படிப்பினை! போடி!"

அரிசியில கல்லு பொறுக்குற ரத்தினம்மாகிட்ட போயி ஒக்காந்தாரு. "நல்லது கெட்டது பிரிக்கிற மாதிரி..."ன்னு இழுத்தாரு.

"நான் கல்லு பொறுக்குறேன். நீ படிப்பினை பொறுக்குறதானா அந்தாண்ட போயி பொறுக்கு. வெளிச்சத்த மறைக்காத."

இன்பராஜுக்கு அழுகையே வந்துடும்போல ஆச்சி. உபதேசியாருக்கு மட்டும் தட்டுல சோத்தப் பாத்தா ஒரு படிப்பினை, செருப்பு அறுந்தா ஒரு படிப்பினை. நம்ப வீட்டுல மட்டும் ஏன் ஒண்ணும் நடக்கமாட்டேன்னுது? பதினஞ்சி நாளா அதே பத்து வரி. உளி அடிக்கிறப்ப வரி, சோறு தின்றப்ப வரி. "ம... ர... க்..."னு அவுரு கூட்டறத கேட்டுக் கேட்டு, தூளிய ஆட்டுற ரத்தினம்மா, "அய்யோ, இந்த ஆளு முடிக்கிறாரா என்ன முடிக்கிறாரா தெரியலியே"ன்னு தலையில அடிச்சிக்குவா.

சனிக்கிழமை வந்துச்சி. மழைக்கு மேகம் கட்டிக்கினு சீக்கிரமே இருட்டிச்சி. வீட்டுக்குள்ள பன்னெண்டு பேரு முட்டி மடக்கி ஒக்காந்திருந்தாங்க. அதுல பாதிப்பேரு அவுரோட ஷிப்ட்ல எறங்குறவங்க. நாகேஷ் வேதத்துல சேராதவன், வாசப்படிகிட்ட நின்னு எட்டிப் பாத்துக்கினு இருந்தான். ஹரோல்டு மட்டும் பொட்டி மேல, கோட்டு மடங்காம.

இன்பராஜு ஆரம்பிச்சாரு. மூணு வரி தாண்டிட்டாரு. வேர்வ ஊத்துது. நாலாவது வரி நடுவுல வெளக்கு 'பொசுக்'குன்னு அணைஞ்சிபோச்சி.

"எண்ணெய் எங்க?"

"கொயந்தைக்குத் தேச்சாச்சி," ரத்தினம்மா இருட்டுல சொன்னா. "மிச்சம் இருந்ததே அவ்ளோதான்."

"பரவால்ல சம்பந்தி," ஹரோல்டு தொண்டையக் கனைச்சாரு. "இவ்ளோ தூரம் வந்ததே பெரிசு."

அவ்ளோதான். இன்பராஜுக்கு யோசிக்க நேரமில்ல. தடவிப் போயி மரக்கால நிமுத்துனாரு. ஒரு துண்ட எடுத்தாரு, பக்கத்துல ஈரமா வெச்சிருந்த களிமண்ணுல சொருவி, 'பட்'டுன்னு நடுக்கம்பத்துல அப்பி, கொளுத்துனாரு. பதினஞ்சி வருசமா செஞ்ச கைப்பழக்கம்.

வீடு முழுக்க வெளிச்சம்.

அந்தக் களிமண்ணுருண்டையில நிக்கிற தடி வத்தி எங்கருந்து வந்துச்சின்னு, ஷிப்ட்ல எறங்குற ஒவ்வொருத்தனுக்கும் தெரியும். எல்லாரும் தரையப் பாத்தாங்க. அதுல ரெண்டு பேரு ரொம்ப அதிகமாவே தரையப் பாத்தாங்க, அவுங்க வீட்டுலயும் அதே கதைதான்.

பங்களாவுல வேலை செய்யறவருக்கு அது எப்பிடித் தெரியும்? ஹரோல்டு நெசமாவே ஆச்சரியப்பட்டாரு. "நல்ல வத்தியா கீதே சம்பந்தி! எங்க தொர வீட்டுல கூட இத்தினி தடி கெடையாது. எந்தக் கடையில வாங்கினீங்க?"

இன்பராஜு அடுத்த எழுத்துல வெரல வெச்சாரு. ம. ர. க். வெரலு நின்னுபோச்சி. கீழ பாத்தாரு. நிமுந்து கெடக்குற மரக்கால், பக்கத்துல பத்துத் துண்டு. பதினஞ்சி நாளா இந்த வரியத்தான் எச்சி முழுங்கி முழுங்கிப் படிச்சிக்கினு இருந்தோமா?

கடையில வாங்கினேன்னு ஒரு வார்த்த சொன்னா போதும். அங்க யாரும் காட்டிக்குடுக்கமாட்டாங்க. இன்னும் ஆறு வரி முடிச்சா தாயம்மா. பொய்ய சொல்லிட்டு, அதே வாயால பசியில செத்தவ பேர சொல்லணும். அடுத்தவன் கொல்லையில ஒரு கதிரு பறிக்காம செத்தவ பேரு.

"கடையில இல்ல சம்பந்தி. இது கம்பெனிது. முண்டாசுல சொருவிக்கினு வந்துட்டேன்"னு சொல்லி, வெரலால திரிய நசுக்கிட்டாரு.

மறுபடியும் இருட்டு. வாசப்படியிலருந்து நாகேஷ் கொரலு: "அண்ணே, வாய வெச்சிக்கினு சும்மா இருக்கமாட்டியா நீ?"

ஹரோல்டு எந்திரிச்சி, "குடுங்க, நான் முடிக்கிறேன்"னு புஸ்தகத்த வாங்குனாரு. கண்ணுக்குக் கிட்ட வெச்சாரு, தூர வெச்சாரு. வாசலுக்குப் போனாரு. அங்க மேகம்.

"ஒண்ணும் தெரியலியே."

"இங்கிலீசுல பாருங்க பட்லரய்யா, தெரியும்"னு ஒருத்தன் சொல்லி, நாலு பேரு 'க்ளுக்'குன்னு சிரிச்சாங்க.

அப்பத்தான் தூளிகிட்டருந்து ரத்தினம்மா கொரலு வந்துச்சி. அவுரு நிறுத்துன எழுத்துலருந்து ஆரம்பிச்சா. ஒரு எழுத்துத் தெரியாதவ, ஒரு வார்த்த தப்பாம சொல்றா. அதுவும் எப்பிடி? இன்பராஜு எங்கெங்க திக்குவாரோ அங்கெல்லாம் திக்கி, எங்கெங்க மூச்சு வாங்குவாரோ அங்கெல்லாம் வாங்கி! அப்பிடித்தான் எழுதியிருக்குதுன்னு அவ நெனப்பு. கடைசி வரி வரைக்கும் சொல்லிட்டு, தூளிய ஒரு ஆட்டு ஆட்டுனா.

உபதேசியார் சிரிப்ப அடக்கிக்கினு, "முடிச்சது நீதாம்மா ரத்தினம். படிப்பினையும் நீயே சொல்லு"ன்னாரு.

"நான் இன்னாத்தங்க ஐயா கண்டேன்? பதினஞ்சி நாளா மரக்கால தொட வுடல இந்த ஆளு. சொம்புல அளந்து அளந்து எனுக்குக் கணக்கே தப்பிப்போச்சி. இன்னாத்துக்குக் கத்துனாருன்னு இப்பதான் தெரியிது. இனிமே மரக்கால் எனுக்கு வேணும்."

"அதுவே போதும்மா"ன்னாரு உபதேசியார். "பேரு?"

ரத்தினம்மா கல்யாணமாயி வந்த நாள்லருந்து மாமியாளோட ஏழாம் பொருத்தம். அந்தப் பேர எடுத்தாலே மொகத்தத் திருப்பிக்குவா.

ரத்தினம்மா தூளிக்குள்ள குனிஞ்சி பாத்தா. "தாயம்மா"ன்னா. "அந்தப் பொம்பள என்ன நல்லா வெச்சது இல்ல. ஆனா வீட்டுக்குள்ள திருட்டு சாமான் ஒண்ணு வந்ததில்ல. யோவ், திங்கக்கிழமை அந்தப் பதினொண்ணையும் கொண்டுபோயி குடுத்துட்டு வா."

திங்கக்கிழமை கொண்டுபோனாரு. குடோன் ஆளு ஒவ்வொண்ணாத் திருப்பிப் பாத்தான். "இன்னாய்யா இது, திருடறவன்ல திருப்பித் தர்றவன் வேறயா?"ன்னு மேஸ்திரிய கூப்ட்டான். மேஸ்திரி நல்ல ஆளு, வேலைய எடுக்கல. ஒரு வாரம் சொரங்கத்தோட அடி மட்டத்துல சேத்துத் தண்ணி இறைக்க வுட்டான். எடுத்துட்டுத் திருப்பிக் குடுக்காதவன்லாம் மேல நின்னு வெத்தல போட, இன்பராஜு முட்டி அளவு தண்ணியில. அவுரு பக்கம் யாரும் 'சபாஷ்'னு ஒரு வார்த்த சொல்லல.

இப்ப வாசிக்கிறதுக்கு ஞாயித்துக்கிழமை வெய்யிலு மட்டும்தான். வாசல்ல ஒக்காந்து, மடியில தாயம்மாவப் போட்டுக்கினு, உபதேசியார் குடுத்த புதுப் பகுதிய ஆரம்பிச்சாரு. கொழந்த பக்கத்தோட மூலைய வாயில வெச்சி சப்புது. இவுரு நாலு எழுத்து கூட்டி, அஞ்சாவது எழுத்துல நின்னாரு.

உள்ளருந்து ரத்தினம்மா: "இன்னாய்யா நின்னுட்ட? சத்தமா படி. எனுக்குக் கேக்கல."

"நான் படிச்சி, நீ பேரு வாங்கிக்க. நல்லா கீது நியாயம்!"ன்னு முணுமுணுத்துக்கினே, கொழந்த வாயிலருந்து மூலைய மெதுவா உருவிக்கினு, மறுபடியும் மொதல் எழுத்துலருந்து சத்தமா ஆரம்பிச்சாரு.