சிங்க முகத்துத் தண்ணீர்

மதலேனாவுக்கு நெஞ்சு திக்கென்றது. எட்டு நாளாகப் பட்டறையில் இரட்டை ஷிப்டு. இன்றைக்குத்தான் மாதா கோயில் திருவிழாப் பக்கம் தலைகாட்ட முடிந்தது. கோயில் வாசலில் அவள் செய்து கொடுத்த பீங்கான் நீரூற்று. சிங்க முகத்தின் வாயிலிருந்து தண்ணீர் கொட்ட, கீழே சொம்பும் பாட்டிலுமாக ஒரு வரிசையே நின்றது. பெண்ணாடத்திலிருந்து வந்த ஒருத்தி அதை உள்ளங்கையில் ஏந்தித் தன் பிள்ளை வாயில் ஊற்றினாள்.

விருத்தாசலத்தில் இருபத்திரண்டு வருஷமாகப் பீங்கானுக்குக் கிளேஸ் என்கிற பளபளப்புப் பூச்சு பூசுகிறவள் மதலேனா. பொம்மைக்குப் பூசும் பச்சையில் காரீயம் கலந்திருக்கும். பளபளப்பு கண்ணைப் பறிக்கும். ஆனால் காரீயம் தண்ணீரில் ஊறி இறங்கும் விஷம், வாய் வைக்கிற சாமானுக்கு ஆகவே ஆகாது. நீரூற்று பார்க்கிற பொருள்தானே என்று முகத்துக்கும் தொட்டிக்கும் அந்தப் பச்சையையே தாராளமாகப் பூசியிருந்தாள். மோட்டாரோ தொட்டித் தண்ணீரையே திரும்பத் திரும்ப ஏற்றும். அதை மனுஷர் குடிப்பார்கள் என்று யார் கண்டது?

எல்லாம் காஸ்பர் சாமியாரின் பிரசங்கம் செய்த வேலை. கொடியேற்றத்தன்று அவர் ரோமாபுரிக் கதையை அவிழ்த்துவிட்டார். மலைத் தண்ணீரைக் கல் வளைவுகளின் மேல் ஓடவிட்டு ஊருக்குள் கொண்டுவந்தார்களாம். தெருவுக்குத் தெரு, கல்லில் செதுக்கிய முகங்களின் வாய்வழியே அது இராப்பகலாக விழுந்ததாம். ஏழைபாழைகள் காசில்லாமல் குடம் நிரப்பினார்களாம். அங்கே குழாய்கள் பலவும் காரீயத்தில் வார்த்தவை என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. ஜனங்கள் அன்றைக்கே சொம்பைத் தூக்கிவிட்டார்கள்.

மதலேனா சாமியார் அறைக்கு ஓடினாள். வேலை போய்விடும், ஊரே காறித் துப்பும் என்று பயம் பிடித்து ஆட்டியது.

“சாமி, மோட்டார நிறுத்துங்க. அந்தத் தண்ணி குடிக்க ஆவாது. நான்தான் தப்புப் பண்ணிட்டேன்.”

சாமியார் முகம் வெளுத்தது. மோட்டார் நின்றது, மைக்கில் விஷயத்தைச் சொன்னார்கள். “கோயில் காரியத்துல வெஷத்த வெச்சிட்டியேம்மா!” என்று ஒருவர் எல்லோர் முன்னாலும் கத்தினார். அவள் தலை குனிந்து நின்றாள். ஒரு வாய், இரண்டு வாய் குடித்தவர்களுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது என்று மனதைத் தேற்றிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

அடுப்பு மேடையில் பெரிய பாட்டில் ஒன்று பாதி காலியாக இருந்தது. பக்கத்தில் மருமகள் நான்சி, ஆறு மாசக் கர்ப்பிணி.

“என்னாடி இது?”

“கோயில் தண்ணி அத்தை. திருவிழா ஒம்பது நாளும் வேற தண்ணி தொடறதில்லன்னு மாதாவுக்கு நேர்ந்துக்கிட்டேன். இன்னியோட எட்டு நாளாச்சு.”

மதலேனா பாட்டிலைப் பிடுங்கினாள்.

“என்னை ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?”

நான்சி விழித்தாள். “கேக்க என்னா இருக்குது? நீங்க செஞ்சதாச்சே. அந்த நம்பிக்கையிலதான் அத்தை குடிச்சேன்.”