பந்துக்கு நேர்ந்த கூந்தல்

துறைமுகத்தில் கப்பலிலிருந்து கரி இறக்கும் கிருஷ்ணப்பனைப் பற்றி ராயபுரத்தில் யாரைக் கேட்டாலும் முதலில் மீசையைச் சொல்வார்கள், அப்புறம் பந்தைச் சொல்வார்கள். தலையைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. முப்பது வயது முடிவதற்குள் அது வழுவழு என்று ஆகிவிட்டது. மேலே விளையாத குறையை ஈடுகட்டுவது போல மூக்குக்குக் கீழே அமோகமாக விளைந்திருந்தது. விளக்கெண்ணெய் தடவி, இரண்டு பக்கமும் முறுக்கிவிட்டுக்கொண்டுதான் காலையில் வேலைக்குக் கிளம்புவார். சாயங்காலம் கரித்தூள் அப்பி, ஆள் யாரென்று தெரியாமல் திரும்பி வருகிறவர்களில் மீசையை வைத்துத்தான் அவரை அடையாளம் கண்டு கூப்பிடுவார்கள்.

பந்து என்றால் கால்பந்து. ராயபுரத்துப் பிள்ளைகள் கூடி நடத்திய டீம் ஒன்று அப்போது இருந்தது. வெறுங்காலோடு ஆடுகிற டீம். அதில் கிருஷ்ணப்பனுக்கு உறவு என்று ஒருவனும் கிடையாது. அவர் பந்தை உதைத்ததும் கிடையாது. ஆனாலும் பேச்சென்னவோ "நாங்க", "நம்மள்து" என்றுதான் வரும். ஜெயித்தால் "நாங்க கெலிச்சோம்". தோற்றால் "ரெப்ரி நம்மள கவுத்துட்டான்". சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். நாள் முழுக்கக் கரிக்கூடை சுமக்கிற மனிதனுக்கு நம்முடையது என்று சொல்லிக்கொள்ள ஏதாவது ஒன்று வேண்டாமா?

ஆட்டத்தன்று அவருடைய ஆசாரங்களைப் பார்த்தால் எந்தக் குருக்களும் தோற்றுப்போவார். போன தடவை ஜெயித்தபோது எங்கே நின்றாரோ அங்கேயேதான் நிற்பார். அன்றைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிக்க மாட்டார். வீட்டில் கீரை சமைக்கக் கூடாது. ஒருமுறை கீரைக் குழம்பு சாப்பிட்டுவிட்டுப் போன அன்று டீம் தோற்றுவிட்டதாம்.

"கீரை இன்னாய்யா பண்ணும்? அது பாட்டுக்குச் சட்டில கெடக்குது" என்பாள் அவருடைய மனைவி பச்சையம்மா.

"உனுக்குத் தெரியாதும்மே. நீ ஆட்டம் பாத்ததில்ல" என்பார்.

இது போதாதென்று பெரியபாளையத்தம்மனிடம் ஒரு வேண்டுதல். சின்ன ஆட்டம் என்றால் கற்பூரம். பெரிய ஆட்டம் என்றால் தேங்காய். எதிரி பலமானவனாக இருந்தால் சேவல். ஆடி மாதம் ஊரே வண்டி கட்டிக்கொண்டு பெரியபாளையம் போகும்போது, மற்றவர்கள் பிள்ளை பிழைத்ததற்கும் கடன் தீர்ந்ததற்கும் காணிக்கை கொண்டு போவார்கள். கிருஷ்ணப்பன் கோல் விழுந்ததற்குச் சேவலைத் தூக்கிக்கொண்டு போவார்.

அந்த வருஷம், மார்கழி மாதத்தில், கிறிஸ்துமஸ் கேடயப் போட்டி நடந்தது. அரையிறுதியில் ராயபுரம் டீமுக்கு எதிரே ரயில்வே சட்டைக்காரர்கள், அதாவது ஆங்கிலோ இந்தியர்கள். எல்லோர் காலிலும் பூட்ஸ். நம் பிள்ளைகளின் கால்விரல் ஒவ்வொன்றாக நசுங்கிக்கொண்டிருந்தது. ஆட்டம் முடியப் போகிறது, யாரும் கோல் போடவில்லை. கிருஷ்ணப்பன் தேங்காய் சொன்னார், பந்து போகவில்லை. சேவல் சொன்னார், போகவில்லை. கிடா என்று கூடச் சொல்லிப் பார்த்துவிட்டார். அம்மன் அசையவில்லை. பரபரப்பில் கை தன் தலைக்குப் போனது. அங்கே கொடுப்பதற்கு என்ன இருக்கிறது?

"தாயே, எம்பொண்ணு முடிய எறக்குறேன்! ஒரே ஒரு கோலு!" என்று வாய்விட்டுக் கத்தினார்.

பந்து உள்ளே போய்விட்டது.

அப்புறம் நடந்தது எதுவும் அவருக்குச் சரியாக நினைவில்லை. மைதானமே கடல் மாதிரி எழும்பியது. கூட வேலை செய்யும் தாவூது அவரைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு தெருமுனை வரை கொண்டுவந்து விட்டான். "நாங்க கெலிச்சோம்மே!" என்று கத்திக்கொண்டே வீட்டுக்குள் நுழைந்து, பின்பக்கம் போனவர் அப்படியே நின்றுவிட்டார்.

அவருடைய ஒரே மகள் கெங்கம்மா தலைக்குக் குளித்துவிட்டு, சாம்பிராணிப் புகைக்கு மேல் கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் கூந்தலைப் பரப்பி உலர்த்திக்கொண்டிருந்தாள். இடுப்புக்குக் கீழே விழும் கூந்தல். அந்தத் தெருவில் யாருக்கும் அப்படிக் கிடையாது. தை பிறந்ததும் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை லோகநாதன், திருவொற்றியூரில் தீப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்க்கிற நல்ல பையன். நிச்சயதார்த்தத்துக்கு வந்த பெண்கள் எல்லோரும் கூந்தலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள்.

"இன்னா நைனா, கெலிச்சிட்டு வந்து பேயறஞ்ச மாதிரி நிக்கற?" என்றாள்.

"ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டு வாசலுக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.

மறுநாள் வேலை இடத்தில் தாவூதிடம் சொல்லி அழுதார். தாவூதும் பக்கத்தில் நின்று கேட்டவன்தான்.

"பந்துக்குப் போயி பொண்ணு முடிய வெப்பியா, தோஸ்து? உன்னோடத வெக்கணும்."

"எனுக்கு ஏதுடா?"

"சரி உடு. ஆட்டத்து சூட்டுல சொன்னதெல்லாம் ஒரு சொல்லா? நானுந்தான் எத்தினி ஆட்டத்துல அல்லாவ கூப்டேன். அவரு பாட்டுக்கு இருந்தாரு. நான் கோச்சிகினேனா?"

தாவூது நல்ல மனதோடுதான் சொன்னான். ஆனால் கிருஷ்ணப்பனுக்கு அது உறைக்கவில்லை. சொன்ன வேண்டுதலைச் செலுத்தாமல் விட்டால் அம்மன் கேட்காமல் இருப்பாளா? யாரிடம் கேட்பாள்? நேர்ந்தது மகள் தலையை. அப்படியென்றால் மகளிடம்தானே கேட்பாள்? ஊரில் அங்கங்கே அம்மை போட்டிருந்த நேரம். கெங்கம்மா ஒரு தும்மல் போட்டால் போதும், தண்ணீர் குடிக்கிற சாக்கில் உள்ளே போய் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவார். மொட்டை அடித்துக் கூட்டிப்போகலாம் என்றால் தையில் மணவறையில் உட்கார வைப்பது எப்படி? மொட்டைத் தலையோடு ஒரு கல்யாணப் பெண்ணா? எந்தப் பக்கம் திரும்பினாலும் அவளுக்குத்தான் அடி. இரண்டையும் கொண்டுவந்தது இவருடைய வாய்.

இறுதி ஆட்டம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஊர் முழுக்க அதே பேச்சு. கிருஷ்ணப்பன் மட்டும் மைதானத்துப் பக்கமே போகவில்லை. பச்சையம்மா கஷாயம் வைத்துக் கொடுத்தாள். மந்திரிக்கவும் கூட்டிப்போனாள். ஒரு நாள் அவள் வேண்டுமென்றே கீரை சமைத்து வைத்தாள், சண்டையாவது போடட்டும் என்று. அவர் பேசாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார். அதன் பிறகுதான் அவளுக்கு நிஜமாகவே பயம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். கெங்கம்மா முற்றத்தில் உட்கார்ந்து தீப்பெட்டிக்குக் கூடு ஒட்டிக்கொண்டிருந்தாள். பச்சையம்மா மீன் வாங்கப் போயிருந்தாள். கிருஷ்ணப்பன் மகளுக்கு எதிரே வந்து குந்தினார்.

"கெங்கா, நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்."

ஒன்று விடாமல் சொன்னார். தேங்காய், சேவல், கிடா, அப்புறம் முடி. பசை தொட்ட விரல் அப்படியே நிற்க, அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன ஒரு வார்த்த கேட்டியா நைனா?"

"கேக்க நேரம் ஏதும்மா? ஆட்டம் முடியப் போது, பந்து அங்க கீது, நீ வூட்ல கீற..."

உண்மையைத்தான் சொன்னார், பாவம். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. கோபம்தான் முந்திக்கொண்டது. கையிலிருந்த கூட்டைக் கசக்கி எறிந்தாள்.

"அத்தக் குடுக்க முடியாது. அது என்னுது இல்ல."

"ஆமா, இனிமே பெரியபாளையத்து அம்மாவுதுதான். நான் சொல்லிட்டேனே" என்றார் அவர், தலையைக் குனிந்துகொண்டு.

"நீ சொன்னதால இல்ல. முன்னாடியே அம்மாவுதுதான். போன வருசம் கயிறு அறுந்து கரித் தொட்டி உம்மேல உழுந்துச்சே, ஆஸ்பத்திரில நீ கண்ணத் தொறக்காம கெடந்தியே, அப்பவே நான் வெச்சிட்டேன். எங்கப்பன எழுப்பிக் குடு, இடுப்பு முடிய எடுத்துக்கோன்னு. உசுருக்கு வெச்சத நீ பந்துக்கு வெக்கற."

கிருஷ்ணப்பன் அவள் கூந்தலை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ தாங்குவியா? தெனம் என் தலயப் பாத்துப் பாத்து அழுவ. போன ஆடிக்கே எறக்கலாம்னு இருந்தேன். உனுக்கு அப்ப நெஞ்செலும்பு சேரல. வண்டில குலுங்கக் கூடாதுன்னு ஆயா சொல்லிச்சி. கல்யாணமாயி வர்ற ஆடிக்குத் தாய் வூட்டுக்கு அனுப்புவாங்கல்ல, அப்ப எறக்கிக்கலாம்னு வெச்சிருக்கேன். அவுரு அம்மா கன்னியம்மா அத்தையாண்ட சொல்லிட்டேன். நானும் கூட வரேன் கண்ணுன்னாங்க."

மாமியாருக்குத் தெரிந்திருக்கிறது. மகள் ஆயா என்று கூப்பிடுகிற பச்சையம்மாவுக்கும் தெரிந்திருக்கிறது. அவருக்கு மட்டும் தெரியவில்லை. இத்தனை நாளும் எண்ணெய் தேய்த்து, சிக்கெடுத்து, புகை போட்டு அவள் வளர்த்ததெல்லாம் தன் உயிருக்கான காணிக்கை என்று தெரியாமல், அதைப் பற்றிப் பிறர் பேசும்போது மீசையை முறுக்கிக்கொண்டு நின்றிருக்கிறார். இப்போது அந்த மீசை நனைந்தது.

"ஆஸ்பத்திரில நீ கண்ண முழிச்சதும் மொதல்ல இன்னா கேட்ட, ஞாபகம் கீதா?" என்றாள் கெங்கம்மா.

அவர் தலையை ஆட்டினார். நினைவில்லை.

"ராயபுரம் கெலிச்சிதான்னு கேட்ட. ஆயா தலைல அடிச்சிகினுது. எனுக்குச் சந்தோசந்தான் நைனா. நீ நீயாத்தான் திரும்பி வந்துகீறன்னு."

அவள் அழுதாள். அவரும் அழுதார். மீனோடு வந்த பச்சையம்மா விஷயத்தைக் கேட்டு, இரண்டு பேரையும் திட்டிவிட்டு, அவளும் கொஞ்சம் அழுதாள். பிறகு அவள்தான் வழி சொன்னாள். கோல் விழுந்தது விழுந்ததுதான். அம்மனை ஏமாற்றக் கூடாது. மகள் முடி ஏற்கெனவே வேறொரு வேண்டுதலுக்குப் போய்விட்டதால், பந்துக்கானதை அவர்தான் தம்முடையதிலிருந்து செலுத்த வேண்டும்.

"எங்கிட்ட இன்னாம்மே கீது?" என்று கேட்டவர், மனைவியும் மகளும் தம் முகத்தில் எங்கே பார்க்கிறார்கள் என்பதைக் கவனித்ததும் கையால் பொத்திக்கொண்டார்.

அதற்கடுத்த நாளே வேலைக்கு லீவு சொல்லிவிட்டுப் பெரியபாளையம் போனார். அங்கிருந்த நாவிதர் வழுக்கையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "எத்தய்யா எடுக்கறது?" என்றார். கிருஷ்ணப்பன் கண்ணை மூடிக்கொண்டு மூக்குக்குக் கீழே காட்டினார். திரும்பி வந்த அன்று தெருநாய் கூடக் குரைத்தது.

இறுதி ஆட்டத்துக்குப் போக மாட்டேன் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். கெங்கம்மா விடவில்லை. "போயிட்டு வா நைனா. பாக்கறதுக்கு இன்னா? பாரு, கத்து, வந்து சாப்புடு" என்று தள்ளாத குறையாக அனுப்பி வைத்தாள்.

எதிரே பட்டாளத்து வெள்ளைக்காரர்கள், ஒவ்வொருவனும் கதவு அகலம். இரண்டு டீமும் ஆளுக்கொரு கோல் போட்டிருந்தன. கூட்டம் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தது. முடிவதற்குக் கொஞ்ச நேரமே இருக்கும்போது பந்து ராயபுரத்துக் கோல் பக்கம் வந்துவிட்டது. சுற்றிலும் ஆளாளுக்கு வேண்டிக்கொண்டார்கள். ஒருவர் கற்பூரம் என்றார். இன்னொருவர் மாதா கோவிலுக்கு மெழுகுவர்த்தி என்றார். பழக்கம் எங்கே போகும்? கிருஷ்ணப்பனின் கைகளும் தலைக்கு மேலே குவிந்துவிட்டன. பக்கத்திலிருந்த தாவூது பதறிப்போய் அவர் வாயைப் பொத்தக் கையை நீட்டினான்.

"தாயே!" என்றார் கிருஷ்ணப்பன், கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு. நெஞ்சிலிருந்து என்ன கிளம்பி வருகிறது என்று அவருக்கே தெரியாது. "எம்பொண்ணு போற எடத்துல நல்லாருக்கணும். ஒரு கொறயும் வரக் கூடாது. வேற ஒண்ணும் வாணாம் தாயே."

அதைச் சொல்லி முடிப்பதற்குள் ஏதோ நடந்துவிட்டது. மைதானத்தில் சத்தமே இல்லை. கண்ணைத் திறந்தபோது வெள்ளைக்காரர்கள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"போச்சி தோஸ்து" என்று தாவூது தரையில் உட்கார்ந்துவிட்டான். "எத்தையாச்சும் கேக்கறதுன்னா கோலக் கேக்கக் கூடாதா? அந்நேரத்துல பொண்ணப் பத்தி வேண்டிக்கினு நிக்கற!"

கிருஷ்ணப்பனுக்கு வலிக்காமல் இல்லை. நன்றாகவே வலித்தது. அவனுக்குப் பக்கத்தில் அவரும் உட்கார்ந்து, ஒரு பீடியைப் பற்றவைத்து, பாதியை அவனிடம் கொடுத்தார். மைதானம் காலியாகும் வரை இரண்டு பேரும் அங்கேயே இருந்தார்கள். பிறகு அவர் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"அவ ஒருத்திதானடா எனுக்கு. கேட்டுக்கினேன். அடுத்த வருசம் நாங்க கெலிச்சிக்கறோம். வா, வூட்ல சோறு ஆறிடும்" என்றார்.