புரொஃபசரின் வீட்டு வேலைகள்

புத்தகத்தை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, தலையை மட்டும் பின்னால் இருப்பவளிடம் ஒப்படைத்துவிடுவாள். தங்கை நாற்காலியில், இவள் அவள் காலடியில் தரையில். சீப்பு சிக்கி இழுத்தால் தலை பின்னால் போகும்; புத்தகமும் கூடவே போகும். "குனி" என்றால் குனிவாள். "நிமிரு" என்றால் நிமிர்வாள். பின்னி முடித்துத் தோளில் ஒரு தட்டுத் தட்டினால்தான் வேலை முடிந்தது என்று இவளுக்குத் தெரியும். பக்கம் முடியவில்லை என்றால் தட்டிய பிறகும் அப்படியே உட்கார்ந்திருப்பாள். பள்ளிக்கூடத்துக்கு நேரமாவது இரண்டு பேருக்கும்தான். வீட்டுக்குள் ஓடுவது தங்கை மட்டும்.

இவளுக்கு வயது பதினேழு. வீட்டில் 'புரொஃபசர்' என்று பெயர். தங்கை கிண்டலாக வைத்தது. இவள் அதைப் பாராட்டு என்று நினைத்துக்கொண்டு, கூப்பிட்டால் பெருமையாகத் திரும்பிப் பார்ப்பாள். நான் இவர்களுடைய சித்தி. அதே கட்டடத்தில் இரண்டு மாடி மேலே தனியாக இருக்கிறேன். ஒரு வாரப் பத்திரிகையில் பிழை திருத்துகிறேன். கால் புள்ளி, அரைப் புள்ளி விட்டுப்போனால் எனக்குத் தூக்கம் வராது. இந்த விஷயத்தில் நான் எதை விட்டேன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

அவர்கள் அப்பா லாரி ஓட்டுகிறார். பத்து நாளைக்கு ஒரு முறை வந்து இரண்டு நாள் தூங்கிவிட்டுப் போவார். என் அக்காவுக்கு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. எந்த வாரம் எந்த ஷிப்ட் என்று அவளுக்கே தெரியாது. ஆகையால் வீடு யார் கையில் என்று கேட்டால், பதினைந்து வயதுத் தங்கை கையில். பால் வாங்குவது, பாத்திரம் கழுவுவது, மொட்டை மாடியில் துணி காயப்போடுவது, அம்மாவின் யூனிஃபார்மை இஸ்திரி போடுவது எல்லாம் அவள்தான். யாரும் கூட்டம் போட்டு முடிவு செய்யவில்லை. பெரியவள் நன்றாகப் படித்தாள், சின்னவள் சுமாராகப் படித்தாள், சட்டியும் துடைப்பமும் தாமாகவே சின்னவள் பக்கம் நகர்ந்துவிட்டன.

புரொஃபசரைக் கூப்பிட்டால் ஒரே பதில்தான் வரும்: "இந்தப் பக்கம் முடிச்சிட்டு வர்றேன்." ஒரு பக்கத்தைப் படிக்க இவளுக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது, ஆனால் வீட்டு வேலைக்கு என்று வரும் பக்கங்கள் மட்டும் முக்கால் மணி நேரம் நீளும். குடித்த டம்ளரை எந்த வரியில் குடித்து முடித்தாளோ அந்த இடத்திலேயே வைத்துவிடுவாள். ஜன்னல் விளிம்பில், படிக்கட்டில், ஒரு தடவை என் செருப்புக்குள். நடந்துகொண்டே படித்து எங்கள் கட்டடத்தில் இவள் முட்டாத கதவு கிடையாது. முட்டிய கதவிடம் "சாரி" என்றும் சொல்வாள். கெட்ட பிள்ளை என்று யாரும் சொல்ல முடியாது. சுற்றி நடப்பதைப் பார்க்காத பிள்ளை, அவ்வளவுதான்.

இப்படிப்பட்டவளுக்கு, ஒரு வருடம் வெளிநாட்டில் போய்ப் படிக்க ஒரு வாய்ப்பு வந்தது. மாணவர் பரிமாற்றத் திட்டம். அங்கே ஒரு குடும்பத்தோடு தங்கி, அவர்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படிக்க வேண்டும். பரீட்சையில் எல்லாரையும் தாண்டிவிட்டாள். விண்ணப்பத்தில் கடைசியாக ஒரு கேள்வி இருந்தது. 'உன் வீட்டில் நீ என்னென்ன வேலைகள் செய்கிறாய்? ஒரு நாளை விவரித்து எழுது.' கணக்குக்கும் அறிவியலுக்கும் மடமடவென்று எழுதியவள் இந்த இடத்தில் பேனாவைக் கடித்துக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்திருந்தாள்.

மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, நோட்டும் பேனாவுமாகத் தங்கையின் பின்னாலேயே சுற்ற ஆரம்பித்தாள். அன்றைக்கு நானும் அங்கே இருந்தேன்.

"இதுக்கு அப்புறம் என்ன செய்வே?"

"காயப்போடுவேன். ஏன்?"

"சும்மாதான். எத்தன மணிக்கு?"

"என்ன புரொஃபசர், ஆராய்ச்சியா?"

தங்கைக்கு உள்ளூரச் சந்தோஷம். அக்காவுக்கு ஒரு வழியாகப் புத்தி வந்துவிட்டது, நாளையிலிருந்து பாதி வேலை குறையும் என்று நினைத்துக்கொண்டாள். அதனால் ஒன்றும் விடாமல் சொல்லிக் கொடுத்தாள். காலரை முதலில் இஸ்திரி போட வேண்டும், கையைக் கடைசியில். எண்ணெய்ப் பாத்திரத்தைத் தனியாக வைக்க வேண்டும். அம்மா நைட் ஷிப்ட் முடிந்து வரும் நாளில் சாவியைத் தேடவிடாமல் சத்தம் கேட்டதும் கதவைத் திறந்துவிட வேண்டும். புரொஃபசர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள்.

மறுநாள் விண்ணப்பம் என்னிடம் வந்தது. "சித்தி, இங்கிலீஷ் மட்டும் பாத்துக் குடுங்க." படித்தேன். நல்ல பத்தி. படித்த யாருக்கும் அந்தப் பெண்ணைப் பிடித்துப்போகும். அம்மாவின் சாவிச் சத்தம் கேட்டுக் கதவைத் திறக்கும் பெண். காலரை முதலில் இஸ்திரி போடும் பெண். அதோடு நிற்கவில்லை. 'எனக்கு ஒரு தங்கை இருக்கிறாள். செல்லமாக வளர்ந்தவள், வீட்டு வேலை எதுவும் தெரியாது. தினமும் காலையில் நான்தான் அவளுக்குத் தலை பின்னிவிடுவேன்' என்று முடித்திருந்தாள்.

நிமிர்ந்து அவளைப் பார்த்தேன். அவள் என் அலமாரியில் இருந்த புத்தகங்களின் முதுகைப் படித்துக்கொண்டிருந்தாள். காது மட்டும் சிவந்திருந்தது. கேட்டிருக்கலாம். கேட்டால் அழுவாள், அழுதால் வாய்ப்புப் போய்விடும், எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக விமானம் ஏறப்போகிற பிள்ளை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இரண்டு கால் புள்ளிகளைத் திருத்தினேன். பொய்யை அப்படியே விட்டுவிட்டேன். கீழே 'தவறான தகவல் தந்தால் அனுமதி ரத்து செய்யப்படும்' என்று பொடி எழுத்தில் இருந்ததையும் படித்தேன். அதற்குக் கீழே கையெழுத்துப் போட அவளுக்குப் பேனா கொடுத்ததும் நான்தான். இதை எழுதும்போதும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

ஒன்றரை மாதத்தில், இவள் தங்கப்போகும் குடும்பத்துத் தாயாரிடமிருந்து கடிதம் வந்தது. என் அக்கா ஷிப்ட் முடிந்து வந்த களைப்பிலும் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து, "சத்தமா படிச்சுச் சொல்லுடி" என்றாள். புரொஃபசர் படித்தாள், நடுநடுவே வரிகளைத் தாண்டினாள். எழுத்துக் கூட்டிப் படிக்கிற வயதிலிருந்து வரி தாண்டாதவள் அன்றைக்குத் தாண்டியது தங்கைக்கு விசித்திரமாகப் பட்டிருக்க வேண்டும். "குடு, நான் பாக்கறேன்" என்று வாங்கிக்கொண்டாள். அவளுடைய இங்கிலீஷ் சுமார்தான். அந்தக் கடிதத்துக்கு அது போதும்.

'பதினோரு விண்ணப்பங்கள் எங்களிடம் வந்தன. எல்லாரும் நல்ல மதிப்பெண் வாங்கியவர்கள். உன் வீட்டைப் பற்றி நீ எழுதிய அந்த ஒரு பத்திக்காகத்தான் உன்னைத் தேர்ந்தெடுத்தோம். என் ஏழு வயது மகள் யாரையும் தலைவாரவிட மாட்டாள். வீட்டு வேலை எதுவும் தெரியாத தங்கைக்குத் தினமும் பின்னிவிடுகிற அக்கா வருகிறாள் என்று சொன்னதும் நாளை எண்ண ஆரம்பித்துவிட்டாள்.'

தங்கை இரண்டு தடவை படித்தாள். கடிதத்தை வந்த மடிப்பிலேயே மடித்து மேசைமேல் வைத்தாள்.

"எனக்கு எதுவும் தெரியாதா?" என்று கேட்டாள். சத்தம் போடவில்லை. உண்மையாகவே பதில் வேண்டும் என்பது போலக் கேட்டாள்.

என் அக்கா குனிந்து செருப்பைக் கழற்ற ஆரம்பித்தாள். ஒரு செருப்பைக் கழற்ற அவ்வளவு நேரம் ஆகாது. கதவு தானாகத் திறப்பது போல இத்தனை வருடம் வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தவள் அவள். அவளுக்கும் அந்தக் கேள்வியில் பங்கு இருந்தது. நான் ஜன்னல் வழியாக எதையோ பார்த்தேன்.

மறுநாள் காலையில் சீப்பு மேசைமேல் கிடந்தது. தங்கை தன் தலையைத் தானே பின்னிக்கொண்டு போய்விட்டாள். புரொஃபசர் வழக்கம் போலத் தரையில் உட்கார்ந்து, ஒரு பக்கம் முடிந்து, இரண்டாவது பக்கமும் முடிந்த பிறகுதான் பின்னால் ஆள் இல்லை என்பதைக் கண்டுபிடித்தாள். முடியை ஒரு ரப்பர் பேண்டில் சுருட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். அன்றிலிருந்து அப்படித்தான்.

தங்கை அழுது தீர்த்துவிட்டு மன்னிக்கிற ரகம் கிடையாது. நாலாம் நாள் சாயங்காலம் அக்காவின் கையிலிருந்த புத்தகத்தைப் பிடுங்கி மூடினாள்.

"எந்திரி. எழுதிக் குடுத்ததெல்லாம் கத்துக்க. அங்க போய் என் பேரக் கெடுக்காத."

அடுத்த மூன்று வாரமும் கீழ் வீட்டில் புகை வாசனை. பால் பொங்கி அடுப்பை அணைத்தது. அம்மாவின் யூனிஃபார்ம் ஒன்றில் இஸ்திரிப் பெட்டியின் முழு உருவமும் அச்சு எடுத்தது போலப் பதிந்தது. "பெட்டிய தூங்க வெக்காத, நகத்திக்கிட்டே இரு" என்று தங்கை பின்னால் நின்று அதட்டுவாள். "பாத்திரத்துக்கு வெளிப்பக்கமும் உண்டு புரொஃபசர், அதையும் திருப்பிப் பாரு." இவள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. விரலில் சூடு, முழங்கையில் சோப்பு. "இந்தப் பக்கம் முடிச்சிட்டு வர்றேன்" என்பது வீட்டில் கேட்கவே இல்லை. ஒரு நாள் மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் என்னைப் பார்த்ததும், "சித்தி, இது தினமுமா?" என்றாள். "தினமும்தான்" என்றேன். "மழைக்காலத்துல ரெண்டு தடவ எடுத்துப் போடணும் இல்ல?" என்றாள். கிளிப்பை வாயில் கவ்விக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

எல்லாம் கற்றுக்கொடுத்த தங்கை ஒன்றை மட்டும் கற்றுக்கொடுக்கவில்லை. தலையில் கை வைக்கவிடவில்லை. "துணி கருகினா வேற துணி. என் தலைல உன் பரீட்ச வேண்டாம்." அதற்கு மேல் கெஞ்ச இவளுக்கும் முகம் இல்லை.

பெட்டி கட்டும் வேலை நடந்தது. முன்பு என்றால் முதலில் புத்தகத்தை அடுக்கியிருப்பாள். இப்போது துணியை மடித்து அடுக்கினாள், காலர் மடங்காமல். அந்தத் தாயாருக்கு ஒரு கடிதம் எழுதி என்னிடம் கொண்டுவந்தாள். 'அந்தப் பத்தியில் இருப்பது நான் இல்லை' என்று ஆரம்பம். எனக்குத் திருத்த ஒன்றும் இல்லை. "அனுப்பினா போக முடியாதுல்ல சித்தி?" என்றாள். "முடியாமப் போகலாம்" என்றேன். எடுத்துக்கொண்டு போனாள். மறுநாள் கேட்டேன், அனுப்பவில்லை. அதற்கு மறுநாளும் அனுப்பவில்லை. அப்புறம் நான் கேட்பதை விட்டுவிட்டேன்.

கிளம்ப ஐந்து நாள் இருந்தபோது அந்தக் குடும்பம் வீடியோவில் எல்லாரையும் பார்க்க விரும்பியது. அவர்களுக்குக் காலை, எங்களுக்குச் சாயங்காலம். என் லேப்டாப்பைக் கீழே கொண்டுபோனேன். உயரம் போதவில்லை என்று புரொஃபசரின் தடிப் புத்தகங்கள் நான்கை அடுக்கி அதன்மேல் வைத்தோம். இவள் ரப்பர் பேண்டு முடியோடு நாற்காலியில் உட்கார்ந்தாள். பக்கத்தில் தங்கை. பின்னால் நானும் என் அக்காவும்.

அந்தத் தாயார் நல்ல மாதிரி. எங்களுக்காக நிறுத்தி நிறுத்திப் பேசினாள். கொஞ்ச நேரத்தில் தங்கையைப் பார்த்து, உன் அக்கா இல்லாமல் நீ எப்படிச் சமாளிக்கப் போகிறாய் என்று பரிவாகக் கேட்டாள்.

தங்கை ஒரு முறை அக்காவின் முகத்தைப் பார்த்தாள். "கஷ்டமாத்தான் இருக்கும். எல்லாம் அவதான் செய்வா" என்று தன் சுமாரான இங்கிலீஷில் சொன்னாள்.

எனக்கு அந்த அறையில் நிற்கவே வெட்கமாக இருந்தது. என் அக்காவின் கை என் கையைத் தேடி இறுக்கிப் பிடித்தது.

அப்போது திரையில் அந்த ஏழு வயதுப் பெண் தாயின் தோளை இடித்துக்கொண்டு நுழைந்தாள். தலை குருவிக்கூடு. எப்படிப் பின்னுவாய், இப்போதே உன் தங்கைக்குப் பின்னிக் காட்டு என்றாள். தன் சீப்பையும் எடுத்து ஆட்டிக் காட்டினாள்.

தங்கைதான் முதலில் எழுந்தாள். மேசையிலிருந்த சீப்பை எடுத்து அக்கா மடியில் வைத்தாள். தன் பின்னலை இரண்டே இழுப்பில் அவிழ்த்து உதறிவிட்டு, அக்காவின் காலடியில் தரையில் உட்கார்ந்தாள். உதடு அசையாமல் சொன்னாள்: "மூணாப் பிரி. மெதுவா. நான் சொல்றேன், அப்படியே செய்."

மூன்று வாரமாகத் தொடவிடாத முடி. புரொஃபசர் அதைக் கையில் எடுத்தாள். மூன்றாகப் பிரிக்கப் பார்த்து, நான்காகப் போய், மறுபடியும் ஒன்றாகச் சேர்ந்தது. திரையில் அந்தக் குழந்தை மூக்கு கேமராவில் ஒட்டுகிற அளவுக்குக் கிட்ட வந்து பார்த்துக்கொண்டிருந்தது. "வலது பக்கத்த மேல போடு" என்றாள் தங்கை, சிரித்த முகத்தோடு திரையைப் பார்த்தபடியே.

புரொஃபசரின் கை நின்றுவிட்டது. நாற்காலியிலிருந்து எழுந்து முன்னால் வந்தாள். தங்கையின் முழங்கையைப் பிடித்து எழுப்பி நாற்காலியில் உட்காரவைத்தாள். தன் ரப்பர் பேண்டை உருவிவிட்டு, தங்கையின் காலடியில், திரைக்கு நேராகத் தரையில் உட்கார்ந்தாள். முகத்தை மறைக்கப் புத்தகம் இல்லை. சீப்பைத் தலைக்கு மேலே பின்னால் நீட்டினாள், அதைத் தங்கை வாங்கும்வரை கையை இறக்கவில்லை.