எடை பார்க்க வந்த சிஸ்டர்

எடை மெஷினை சிஸ்டர் எங்கள் கூடத்துச் சிமெண்டுத் தரையில் வைத்ததும் நான் முதலில் செய்த காரியம், தெருப்பக்கத்து ஜன்னலைச் சாத்தியதுதான். தம்பியால் நிற்க முடியாது. அதனால் அம்மா அவனைத் தூக்கிக்கொண்டு மெஷின்மேல் ஏற வேண்டும். பிறகு அவனை என்னிடம் கொடுத்துவிட்டுத் தனியாக ஏற வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தம்பியின் எடை. ஏறும்போது அம்மாவின் கால்கள் நடுங்கின. பத்து வயதுப் பிள்ளை, அவள் முழங்காலுக்குக் கீழே வரை தொங்கிக்கொண்டிருந்தான். சிஸ்டர் குனிந்து முள்ளைப் பார்த்தார். வீட்டில் இருந்த யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள் அவை. நான் கல்லூரி முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். சிஸ்டர் நர்ஸிங் மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்தவர். வளர்ச்சிக் குறைபாடுள்ள பிள்ளைகளின் எடையும் உடல்நலமும்தான் அவருடைய ஆராய்ச்சி. தம்பி போய்வந்த சிறப்புப் பள்ளியில் முகவரி வாங்கிக்கொண்டு, மாதம் ஒருமுறை முத்தியால்பேட்டைச் சந்துகளில் ஸ்கூட்டியை நுழைத்துக்கொண்டு வருவார். வந்ததும் சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு இன்னொரு சொம்பு கேட்பார். பெரிய படிப்புப் படிப்பவர் இப்படி மடக் மடக்கென்று குடிக்கிறாரே என்று நான் உள்ளுக்குள் சிரித்துக்கொள்வேன்.

தம்பி பிறந்தபோது மூச்சு வரத் தாமதமாகி மூளை பாதிக்கப்பட்டதாகச் சொன்னார்கள். நடக்கவில்லை, பேசவில்லை. ஆனால் குரல் மட்டும் இருந்தது, நாலு வீட்டுக்குக் கேட்கிற குரல். எடை ஏற ஏற அம்மாவின் இடுப்பு விட்டுக்கொண்டே வந்தது. குளிக்க வைப்பது, கழிப்பறைக்குக் கொண்டுபோவது, துணி மாற்றுவது எல்லாம் அவள்தான். அப்பா மில் வேலை போய் சேதராப்பட்டில் வாட்ச்மேனாக இருந்தார். பாதி நாள் பகலில் தூக்கம், பாதி நாள் வேலை. "உன்னால தூக்க முடியாத அன்னிக்கு அவன ஹோம்லதான் உடணும்" என்று அவர் சொல்லிவிட்டார். அதைக் கோபத்தில் சொல்லியிருந்தால் பரவாயில்லை. யோசித்து, மெதுவாகச் சொன்னார். அதனால்தான், எடை குறைய ஏதாவது வழி கிடைக்கும் என்று, அம்மா அந்த மெஷின்மேல் ஏறச் சம்மதித்தாள்.

எங்கள் தெருவில் யாராவது கதவைத் தட்டினால் மற்ற வீடுகளில் கதவைத் திறப்பார்கள். எங்கள் வீட்டில் முதலில் பிஸ்கட் டப்பாவைத் திறப்போம். ஆள் குரல் கேட்டால் தம்பி பின்னறையிலிருந்து கத்துவான். வீட்டுக்கு வீடு ஒரே சுவர். பிள்ளையை அடிக்கிறார்கள் என்று நினைப்பார்களே என்று அம்மாவுக்குப் பயம், வந்தவர்கள் எட்டிப் பார்ப்பார்களே என்று அப்பாவுக்குப் பயம், எனக்கு இரண்டும். "வாயில ஏதாவது வைடி" என்பார்கள். பன், முறுக்கு, வாழைப்பழம், எது கையில் கிடைத்ததோ அது. அவன் மென்றுகொண்டிருக்கிற வரைக்கும் நாங்கள் கௌரவமான குடும்பம்.

இரண்டாவது தடவையோ மூன்றாவது தடவையோ வந்தபோது சிஸ்டர் கேட்டார்: "பசிச்சா புள்ள எப்படிமா காட்டுவான்?"

அம்மா சிரித்தாள். "அவன எங்க சிஸ்டர் பசிக்க உட்டோம்?"

பெருமையாகத்தான் சொன்னாள். சிஸ்டர் தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. பத்து வருஷமாக வளர்த்த பிள்ளைக்குப் பசித்தால் முகம் எப்படி இருக்கும் என்று எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை. எங்கே பார்ப்பதென்று தெரியாமல் நான் சமையலறைக்குள் போய்விட்டேன்.

அவர் திட்டவில்லை, அட்டவணை போட்டுக் கொடுக்கவும் இல்லை. "கத்துனா உடனே குடுக்காதீங்கமா. எதுக்குக் கத்துறான்னு கொஞ்சம் பாருங்க" என்றார். பார்த்தோம். ஈரமானால் ஒரு மாதிரி கத்தினான். கொசு கடித்தால் வேறு மாதிரி. ஆனால் பெரும்பாலான கத்தல் ஆள் குரல் கேட்டபோதுதான். அம்மா ஒருநாள் பொறுக்க முடியாமல் அவனைத் தூக்கிக்கொண்டுபோய்த் தெருக்கதவருகே நாற்காலியில் சாய்த்து உட்கார வைத்தாள். சட்டென்று அடங்கிவிட்டான். காய்கறி வண்டியையும் பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் பார்த்து எச்சில் ஒழுகச் சிரித்தான். சாப்பாட்டு நினைப்பே வரவில்லை. வைத்தியம் சுலபமானதுதான், பத்தியம்தான் கஷ்டம். தெருவே அவனைப் பார்க்கும். முதல் சில நாட்கள் நான் வெளியே போகவேண்டி வந்தால் கொல்லைப்புறமாகப் போனேன்.

அப்படியிருக்கும்போதுதான் வில்லியனூரிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். அன்றைக்கு ஒருநாள் மட்டும் தம்பி பின்னறையில் இருக்கட்டும் என்று அப்பா சொன்னார். யாரும் மறுக்கவில்லை. கூடத்தில் பேச்சுக்குரல் எழுந்ததும் அவன் ஆரம்பித்தான். அப்பா கேசரித் தட்டோடு உள்ளே வந்து, "வாயில வை, வாயில வை" என்று அம்மாவிடம் நீட்டினார். பட்டுப் புடவையில் நான் நிலைப்படி ஓரம் நின்றிருந்தேன். அம்மா ஒரு விரல் கேசரி எடுத்தாள். தம்பி உதட்டை இறுக்க மூடிக்கொண்டான். கன்னத்தில் ஒட்டிய நெய்யோடு முகத்தைக் கதவுப் பக்கம் திருப்பினான். சாப்பாடு வேண்டாம் என்று அவன் சொல்லி அதுவரை நாங்கள் பார்த்ததே இல்லை.

அம்மா தட்டைக் கீழே வைத்தாள். அவனை வாரி எடுத்தாள். முன்பு போல அவள் கால் நடுங்கவில்லை. நேரே கூடத்துக்குக் கொண்டுபோய் வந்தவர்கள் நடுவில் உட்கார வைத்து, "இது எம் புள்ள. பொண்ணுக்குத் தம்பி" என்றாள். கத்தல் நின்றுவிட்டது. மாப்பிள்ளையின் அம்மா பஜ்ஜியைப் பாதி கடித்தபடி வைத்தார். மரியாதையாகப் பேசினார்கள், மரியாதையாக எழுந்தார்கள், போய்ச் சொல்லி அனுப்புவதாகச் சொன்னார்கள். சொல்லி அனுப்பவில்லை. தம்பி அவர்கள் கார் திரும்புகிற வரை கையை ஆட்டிக்கொண்டிருந்தான். நான் அழுதேன். அந்த மாப்பிள்ளைக்காக அழுகிறேன் என்றுதான் அம்மா நினைத்தாள். இத்தனை வருஷம் எங்களோடு வந்து உட்காரக் கேட்டவன் வாயை இனிப்பால் அடைத்துக்கொண்டிருந்தோமே என்ற வெட்கம் அது.

இன்று அம்மா இல்லை. தம்பி மூலக்குளத்தில் என்னோடு இருக்கிறான். முன்னறையில்தான் அவன் கட்டில். ஆனாலும் புது ஆள் யாராவது வந்தால், அவர் முகம் எப்படிப் போகிறது என்று இன்னும் ஒரு கணம் பார்க்கத்தான் செய்கிறேன். அந்த ஒரு கணம் என்னை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

சிஸ்டர் கடைசியாக வந்த அன்று எடை குறைந்திருந்தது. சந்தோஷத்தில் அம்மாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அப்பாதான், குறை சொல்வது போல் இல்லாமல், வில்லியனூர்க்காரர்கள் வந்துபோன கதையைச் சொன்னார். சிஸ்டரின் முகம் சுருங்கிவிட்டது. கிளம்பும்போது மெஷினைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை நான்தான் போனேன். அதை ஸ்கூட்டியில் வைத்துக் கட்டினார். கட்டிய கயிற்றையே திரும்பத் திரும்ப இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க வீட்லயும் இவன மாதிரி ஒரு அண்ணன் இருந்தான்" என்றார். "என்னப் பொண்ணு பாக்க வந்த அன்னிக்கு அவன் ரூம்ல கத்தவே இல்ல. எங்கம்மா லட்டு குடுத்து வெச்சிருந்தாங்க."

நான் ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "அப்புறம் என்னாச்சு சிஸ்டர்?" என்றேன்.

"கல்யாணம் ஆயிடுச்சு" என்றார், தலையை நிமிர்த்தாமல்.