கனம் பார்த்து வாங்கிய பெட்டி

கையில் எடுத்துக் கனம் பார்க்காமல் என் அம்மா எதையும் வாங்க மாட்டாள். தேவனாம்பட்டினத்தில் மீன் எடுத்து, பஸ் ஏறிப் போய், சிதம்பரத்தில் தெருத் தெருவாக விற்றவள். தராசைவிடத் தன் உள்ளங்கையைத்தான் நம்பினாள்.

நான் அப்போது ஏழாவது படித்தேன். அதற்கு மேல் அதிகம் படிக்கவில்லை. அக்காவின் காலேஜ் படிப்புக்காக வாங்கிய பழைய கம்ப்யூட்டர் ஒன்று வீட்டில் இருந்தது. பாண்டிச்சேரியில் ரிப்பேர் வேலை பார்த்த மாமன் மகன் அதில் ஒரு கிராபிக்ஸ் கார்டைச் செருகிக் கொடுத்தார். கார் ரேஸ் ஓடும் என்று வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டேன். எங்கள் குப்பத்தை எட்டிக்கூடப் பார்க்காத திருப்பாதிரிப்புலியூர்ப் பையன்கள் ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னார்கள். ஆனால் கேமைத் திறந்தாலே கம்ப்யூட்டர் அணைந்துவிடும். அந்தக் கார்டு இழுக்கிற கரண்டை உள்ளே இருக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டியால் கொடுக்க முடியவில்லை, பெரிதாக ஒன்று வாங்கி மாட்ட வேண்டும் என்றார் மச்சான்.

அழுது அடம்பிடித்தேன். சனிக்கிழமை வியாபாரத்துக்குக் கிளம்பிய அம்மா என்னையும் கூட்டிப்போனாள். மீன் விற்று முடிந்ததும் சிதம்பரத்திலேயே ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போனோம். கூடையை வெளியே வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டுதான் உள்ளே வந்தாள். வாடை வெளியே நிற்குமா? அங்கே நின்ற காலேஜ் பையன்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஒருவன் கைக்குட்டையை எடுத்தான். நான் நகர்ந்து போய், கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த மவுஸ்களைப் பார்ப்பவன்போல நின்றுகொண்டேன்.

கடைக்காரர் காட்டிய பெட்டியை அம்மா கையில் ஏந்தினாள். "இன்னா தம்பி, காத்து அடைச்சு வெச்ச மாதிரி இருக்குது. வெயிட்டே இல்லியே."

காலேஜ் பையன்கள் சிரித்தார்கள். கடைக்காரரும் சிரித்தபடி உள்ளே போய் வேறொன்றைக் கொண்டுவந்தார். அதைத் தூக்கிப் பார்த்ததும் அவள் முகம் தெளிந்தது. பில் போடும்போது அவர் என்னைக் காட்டி, உங்கள் பையனா என்று கேட்டார்.

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் மவுஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இல்ல தம்பி, பக்கத்து ஊட்டுப் புள்ள. வழி தெரியாதுன்னு இட்டாந்தேன்."

எனக்கு நெஞ்சு லேசானது. முந்தின நாள் மீனை இப்போதுதான் கரைக்கு வந்தது என்று சொல்லி விற்பவள். இதுவும் ஏதோ பேரத் தந்திரம் என்று நினைத்தேன். பின்னால் ஊர் ஊராகச் சுற்றி, ஓட்டலில் தட்டு கழுவி, லாரியில் படுத்து நாளை ஓட்டியபோது என் மேலும் ஏதேதோ வாடை அடித்தது. அதற்கெல்லாம் நான் வெட்கப்பட்டதில்லை. அன்றைக்கு நெஞ்சு லேசானதற்குத்தான் இன்றுவரை வெட்கப்படுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பையன்கள் வந்தார்கள். கார் ஒரு சுற்றுகூட ஓடி முடிக்கவில்லை. உள்ளே டப்பென்று வெடித்துப் புகை கிளம்பியது. "உங்க ஊட்ல கம்ப்யூட்டரும் கருவாடா பூட்ச்சிடா" என்று ஒருவன் சொல்ல, சிரித்துக்கொண்டே போய்விட்டார்கள். காலேஜுக்குச் செய்து வைத்ததெல்லாம் அதற்குள் இருந்ததே என்று அக்கா அழுதாள்.

மறுநாள் மச்சான் வந்து பெட்டியைத் திறந்தார். கருகிய ஒயர்களுக்குப் பக்கத்தில் ஒரு சிமென்ட் வில்லை ஒட்டியிருந்தது. கனத்துக்காக வைத்தது. அம்மா அதைப் பெயர்த்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். "அர கிலோ இருக்கும்" என்றாள்.

ஒரு துண்டு வஞ்சிரத்துக்காக மார்க்கெட்டையே கூட்டிவிடுகிறவள் அவள். வாம்மா, போய்க் கேட்கலாம் என்று அவள் கூடையை எடுத்து வந்து முன்னால் வைத்தேன். அவள் எழுந்திருக்கவில்லை.

"நா போயி இன்னான்னுடா கேக்குறது? பக்கத்து ஊட்டுப் புள்ள பொட்டிக்கு எனுக்கு இன்னா வந்துச்சி?"

இவள் பொய் சொல்லப் போய்த்தானே இப்போது சண்டைக்குக்கூடப் போக முடியவில்லை என்று எனக்கு ஆத்திரம். அன்று முழுக்க அவளோடு பேசவில்லை. அந்தப் பொய்யை அவள் யாருக்காகச் சொன்னாள் என்று யோசிக்க எனக்குத் தோன்றவே இல்லை.