சூரியன் விழுந்த பக்கம்

மலாக்காவில் சூரியன் கடலில் மறைகிறது. நாகப்பட்டினத்தில் பிறந்தவனுக்கு இது எவ்வளவு பெரிய தொந்தரவு என்று இங்கே யாரிடமும் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. நமக்குக் கடல் கிழக்கே. விடிவது அங்கே, பொழுது சாய்வது வயல் பக்கம். காஜா பெராங்கில் தையல் கடை போட்டு ஏழு வருடமாகியும், தெங்கேரா கடற்கரைக்குப் போகிற சாயங்காலமெல்லாம் யாரோ என் சட்டையை உள்வெளியாக மாட்டிவிட்டது போலிருக்கும். ஆனாலும் போவேன். சூரியன் விழுகிற இடத்துக்கு நேரே நம் ஊர் என்று நானாக ஒரு முடிவு கட்டியிருந்தேன். அதைப் பார்த்து நின்றால் கமலத்தைப் பார்த்து நின்றது மாதிரி.

கமலம் என் மனைவி. நான்கு வருடத்துக்கு முன் ஊருக்குப் போய் அவளைக் கட்டிக்கொண்டு, மூன்றே மாதத்தில் கப்பலேறிவிட்டேன். பிறகு பிறந்த செல்வத்தை நான் பார்த்ததில்லை. புரட்டாசியில் அவளிடமிருந்து கடிதம் வந்தது. "நீங்க வாரீங்களா, நாங்க வரட்டுமா? ரெண்டுல ஒண்ணு எழுதுங்க. அப்பா எங்கேன்னு புள்ள கேக்கும்போதெல்லாம் கடல் பக்கம் கை காட்டிக் காட்டி எனக்குக் கை வலிக்குது." மூன்று மாதம் அதற்குப் பதில் எழுதாமல் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். வருகிறேன் என்று எழுதினால் கடை போயிற்று. வா என்று எழுதினால் ஊர் போயிற்று, கூடவே அம்மாவும். சாகும்வரை கடல் தாண்ட மாட்டேன் என்று அம்மா சொல்லிவிட்டாள். குடியேற்றச் சட்டம் இறுகப்போகிறது, அப்புறம் மனைவி மக்களைக்கூடக் கூப்பிட முடியாது என்று வேறு ஊரெல்லாம் பேச்சு. எனக்குத் தூக்கமும் இல்லை, ஊசியில் நூல் கோக்கப் பொறுமையும் இல்லை.

அந்த நிலைமையில்தான் பிள்ளை என்னை மலைக்குக் கூப்பிட்டார். பிள்ளை என் கடைக்கு எதிரே, கம்போங் செட்டியில் குடியிருப்பவர். நில அளவை இலாகாவில் வேலை. நெற்றி நிறையத் திருநீறு, வாயைத் திறந்தால் மலாய். எத்தனையோ தலைமுறைக்கு முன் கப்பலில் வந்தவர்களின் வம்சம். 'தம்பி' என்பது போல நாலைந்து தமிழ்ச் சொல்லோடு சரி. அவரைப் பார்க்கும்போதெல்லாம் செல்வமும் இப்படி ஆகிவிடுவானோ என்று எனக்கு உள்ளூரப் பயம். நல்ல மனிதர், அதில் குறையில்லை. மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த அந்த வருடம் ஊருக்கே கொடி தைத்து ஓய்ந்திருந்த என்னிடம், மார்கழி பிறந்ததும் ஒரு வெள்ளைக் கொடி தைக்கச் சொன்னார். தூரத்திலிருந்து நிலம் அளப்பவர்களுக்குத் தெரியும்படி லேடாங் மலை உச்சியில் இருக்கும் அளவைக் கல்லின் மேல் கட்டுவதற்காம். தைத்தவனே வந்து கட்டட்டும் என்றார் சிரித்துக்கொண்டு. கம்யூனிஸ்டுக் கலகத்தால் காட்டுக்குள் போகக் கூடாதென்றிருந்த கட்டுப்பாடு எங்கள் பக்கம் தளர்ந்திருந்த சமயம். எங்கேயாவது போனால் தேவலை என்றிருந்தது, கிளம்பிவிட்டேன்.

விடியற்காலை பஸ்ஸில் தங்காக் போய் இறங்கி, அங்கிருந்து நடை. வேரைப் பிடித்தும் பாறையில் தவழ்ந்தும் ஏறினோம். மத்தியானத்துக்கு மேல் மேகத்துக்குள் நுழைந்தோம். முன்னால் போகிற பிள்ளையின் முதுகுகூடத் தெரியவில்லை. சட்டென்று ஒரு பாறையில் ஏறி நின்றால், மேகம் காலுக்குக் கீழே கிடந்தது. வானம் கழுவிவிட்டது போல் இருந்தது. இந்த நாட்டில் முதன்முறையாகக் குளிரில் என் பல் கிட்டியது. கீழே மேகத்துக்குள் மின்னல் வெட்டியது. மலாக்காவில் மழை கொட்டுகிறது போலும் என்று நினைத்த மறுகணம் கடை ஞாபகம் வந்தது. கடை ஜன்னலைச் சாத்தினேனா? அதற்கு நேர் கீழேதான் ஒரு கல்யாண வீட்டுத் துணி முழுவதும் மடித்து வைத்திருக்கிறது.

கொடியைக் கட்டி முடித்தபோது சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் மேகம், நடுவில் சிவந்த ஒரு பள்ளம். நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"தம்பி, ரூமா மானா?" என்றார் பிள்ளை. வீடு எங்கே என்று கேட்கிறார். நான் சூரியனைக் காட்டி, "இந்தியா" என்றேன்.

"புக்கான், தம்பி!" இல்லையென்று தலையை ஆட்டிவிட்டுத் திசைகாட்டியை எடுத்தார். சூரியனைக் காட்டி, "இத்து காஜா பெராங்" என்றார். அது என் கடைத்தெருவாம். பிறகு என் தோளைப் பிடித்து நன்றாக வலப்பக்கம் திருப்பினார். "இந்தியா, சானா." இந்தியா அங்கே.

மார்கழியில் சூரியன் தெற்கே ஒதுங்கி விழுமாம். இந்த மலையிலிருந்து பார்த்தால் நேராக மலாக்கா தலைக்கு மேல்தான் இறங்குமாம். பொறுமையாக மலாயில் சொன்னார். எனக்குக் கோபம்தான் வந்தது. ஏழு மார்கழியாகத் தப்பான இடத்தைப் பார்த்தா உருகிக்கொண்டிருந்தேன்? அவர் காட்டிய வலப்பக்கத்தைப் பிடிவாதமாகப் பார்த்தேன். வெறும் மேகம். அம்மா முகத்தை நினைத்துப் பார்த்தேன், வந்தது. ஆனால் கண் நிலைக்கவில்லை. திரும்பத் திரும்ப இடப்பக்கமே போயிற்று, அந்தச் சிவப்புக்குக் கீழே திறந்து கிடக்கிற ஒரு ஜன்னலைத் தேடிக்கொண்டு. மனிதன் கவலைப்படுகிற இடம்தான் அவன் வீடு என்றால், எனக்கு விடை தெரிந்துவிட்டது. அது சந்தோஷமாக இல்லை. அழுதேன். பிள்ளை என்னவென்று கேட்டார், ஜன்னல் என்றேன். ஜன்னலுக்கா ஒரு மனிதன் அழுவான் என்று அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

மறுநாள் இறங்கி வந்து பார்த்தால் ஜன்னல் சாத்தியேதான் இருந்தது. துணி ஒரு சொட்டுக்கூட நனையவில்லை. அன்றைக்கே கமலத்துக்கு எழுதிப் போட்டேன், "நீங்கள் இருவரும் வாருங்கள்" என்று. அம்மாவுக்குத் தனியாக எழுத உட்கார்ந்து, நலம் என்பதற்கு மேல் ஒரு வரி ஓடவில்லை.

சித்திரையில் வந்து சேர்ந்தார்கள். செல்வம் என்னிடம் ஒட்டவே நான்கு நாள் ஆயிற்று. ஐந்தாம் நாள் காலை இருவரையும் தெங்கேரா கடற்கரைக்கு அழைத்துப் போனேன். வெயில் எங்கள் முதுகில் அடித்தது. கமலத்துக்கும் கடல் இடம் மாறிக் கிடந்தது. திரும்பித் திரும்பிச் சூரியனைப் பார்த்தாள். பிறகு சும்மா பேச்சுக்கு, என் அம்மாவை நினைத்து, "அப்பாயி எங்கடா இருக்காங்க?" என்று பையனைக் கேட்டாள்.

அவன் சூரியனையும் பார்க்கவில்லை, எங்களையும் பார்க்கவில்லை. பழகிய கை சட்டென்று கடலைக் காட்டியது. நான் குனிந்து, அந்தக் கையைப் பிடித்துக் கொஞ்சம் வலப்பக்கம் திருப்பிவிட்டேன்.