டிரம்முக்குள் இருந்த தலையணை

புது டிரம் செட் வாங்க எங்களுக்கு வசதியில்லை. அதனால் தம்பலகாமத்தில், கலைந்துபோன கலியாண இசைக்குழு ஒன்றை நடத்தியவரிடம் பழையதை வாங்கினோம். அது நெல் மூட்டைகளுக்கு நடுவே கிடந்தது.

“பெரிய டிரம்முக்குள்ள தலையணை ஒண்டு இருக்கு அக்கா. சத்தம் அடங்க வச்சனாங்கள்” என்றார்.

திருகோணமலை வரைக்கும் என் மகள் வானதி அந்த டிரம்மை ஓட்டோவில் மடியில் வைத்துக் கட்டிப்பிடித்தபடியே வந்தாள்.

துறைமுகத்தடியிலுள்ள எங்கள் வீட்டு முற்றத்தில் எல்லாவற்றையும் பொருத்திப் பூட்டி முடித்தோம்.

“தலையணையை எடுத்தா இன்னும் அதிரும் அம்மா” என்று முன்பக்கத் துளைக்குள் கைவிடப் போனாள் வானதி. எனக்கோ அவளைவிட அவசரம்.

“அதைப் பிறகு எடுக்கலாம் பிள்ளை. முதல் ஒருக்கா அடி, கேப்பம்!”

அவள் பெரிய டிரம்மின் மிதியை ஓங்கி மிதித்தாள். முற்றமே அதிர்ந்தது. அடுத்த கணம் அந்தத் துளையிலிருந்து கடித்தால் ஆளையே கொல்லும் ஒரு புடையன் பாம்பு வழிந்து இறங்கி வேலிப்பக்கம் போனது.

“ஐயோ அம்மா, மடியிலயெல்லோ வச்சுக்கொண்டு வந்தனான்!”

இப்போது எந்தப் பழைய பொருள் வாங்கினாலும், முற்றத்தில் வைத்துத் தட்டி, கவிழ்த்துப் பார்த்த பிறகே உள்ளே கைவிடுகிறோம். வானதி தினமும் அடிக்கிறாள், அருமையாக அடிக்கிறாள். நான் கதிரையில் கால்களைத் தூக்கி வைத்துக்கொண்டு கேட்கிறேன்.

– ஒரு தாய், திருகோணமலை